சித்தியும் சிவப்புப் பட்டனும்

உலகத்தில் மலையை நகர்த்திய ஆள் இதுவரை ஒருத்திதான். அவள் சித்தி. ஒரு நாளைக்கு நாற்பது மலை, அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். நாளைக்கே பூமி சுற்றாமல் நின்றுபோனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வருவாள், ஹாரன் அடிக்கிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் பூமியைத் தொடுவாள்.

மலை என்றால் மரப்பலகைமேல் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய அட்டைப்பெட்டிகள். சித்தி வேலை பார்க்கும் குடோனில் அந்தப் பலகைக்குப் பேலட் என்று பெயர். அதன் அடியில் இரண்டு இரும்பு நாக்கை நுழைத்து, தரையிலிருந்து இரண்டு விரல் தூக்கி, இழுத்துப் போவது பேட்டரி வண்டி. உட்கார இடம் கிடையாது. கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்சம் பக்கவாட்டில் நடக்க வேண்டும், முரட்டு மாட்டை ஓட்டிப்போகிற மாதிரி. மாடாவது மனசு வைத்தால் நிற்கும்.

சித்தி பதினோரு வருடம் சட்டைக் காலர் தைத்தவள். கண் மங்கத் தொடங்கியதும் குடோனில் பெட்டி ஒட்டப் போனாள். வண்டி ஓட்ட யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கிய ஒரே பெண் அவள்.

"உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்றார் சித்தப்பா.

"இதை மிதிக்க வேணாம்" என்றாள்.

கற்றதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். சரக்கு அடுக்கும் ரேக் வரிசைகளின் முனைகளில் ஹாரன் அடித்துப் பழகியதால், சமையலறை வாசலில் திரும்பும்போதும் வாயால் "பீப்" என்பாள். குடோனில் அவளுக்குப் பெயரே பீப்பீ அக்கா.

மூட்டை தூக்கியே முதுகைத் தொலைத்தவர் சித்தப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். சித்திக்கோ மூன்று மாதம் தற்காலிக வேலை. கடைசி நாளன்று சூப்பர்வைசர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். நிரந்தரமானால் வீட்டுக்கே மருத்துவக் காப்பீடு. சித்தப்பாவின் ஆபரேஷன் அந்த ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது.

அந்தக் கடைசி நாள் காலையில், முதல் வேலையாக, சித்தி வண்டியைச் சோதித்தாள். ஹாரன் அடித்தது. பிரேக் பிடித்தது. மிச்சம் சிவப்புப் பட்டன். கைப்பிடியின் நுனியில், ஓட்டுகிறவரின் வயிற்றைப் பார்த்தபடி இருக்கும். இடுக்கில் வண்டி ஆளைச் சுவரோடு வைத்து நசுக்கப் பார்த்தால் அது வயிற்றில் படும். பட்ட உடனே வண்டி சூடுபட்ட பூனைபோல் எதிர்ப்பக்கம் விலக வேண்டும். சித்தி வண்டியை மெதுவாக நகர்த்தி, மறுகையால் பட்டனை அழுத்தினாள். வண்டி விலகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். ம்ஹூம்.

"என்னம்மா, லாரி வந்து அரைமணி ஆச்சு, வண்டியைக் கொஞ்சிட்டு நிக்கிறே?" என்று வந்தார் சூப்பர்வைசர்.

"சிவப்புப் பட்டன் வேலை செய்யல சார்."

"பிரேக் பிடிக்குதில்ல?"

"பிடிக்குது."

"அப்புறம் என்ன? வயித்துல இடிக்காம ஓட்டு."

"இடிச்சுக்கணும்னு யாரு சார் ஓட்டுறாங்க?"

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் களுக்கென்று சிரித்தார். சூப்பர்வைசர் அவரை முறைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பிரித்தார். "இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

காலையில் செருப்பு மாட்டுவதற்குச் சித்தப்பா மூன்று தடவை குனிந்து, மூன்று தடவையும் முடியாமல் நிமிர்ந்தது சித்தியின் கண்ணுக்குள் வந்தது. லாரியில் ஏற்ற இருபத்திரண்டு பேலட்தானே, பார்த்து ஓட்டினால் ஆயிற்று. சாவியைத் திருகினாள். பிறகு, யாரோ சொன்னதுபோல, மறுபடி அணைத்தாள். இரும்பு நாக்குகளைத் தரையோடு இறக்கி, கைப்பிடியில் 'பழுது' அட்டையை மாட்டி, சாவியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க ஓட்டுறதுன்னா ஓட்டுங்க சார். நான் தள்ளி நின்னு பார்க்கிறேன்."

அவர் சாவியை வாங்கவில்லை. படிவம் நாலாக மடிந்து பைக்குள் போனது.

கையால் பம்ப் அடித்து இழுக்கும் பழைய வண்டி மூலையில் கிடந்தது. சுமையேற்றும் ஆட்களோடு சேர்ந்து சித்தி இருபத்திரண்டையும் அதில் இழுத்தாள். சாயங்காலம் நாலு மணி ஆனது.

"அக்கா, லேட்டுன்னு எங்க முதலாளி என்னைக் கடிச்சுத் துப்பப் போறாரு" என்றார் டிரைவர்.

"நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

"வேணாம்க்கா, அவரு பாவம்."

மறுநாள் மெக்கானிக் கைப்பிடியைப் பிரித்தார். உள்ளே ஒரு ஒயர் தேய்ந்து அறுந்திருந்தது. சூப்பர்வைசர் அறுந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். வேலை இன்னும் எட்டு நாள் தற்காலிகமாகவே இழுத்தது; பிறகு ஒரு காலை, சித்தியின் வண்டிக் கைப்பிடியில் படிவம் செருகியிருந்தது, கையெழுத்தோடு. சித்தப்பாவின் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று.

இவ்வளவையும் எழுதியவன் ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போய், அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது உரக்க வாசித்தான். கடைசிவரை கேட்டாள். ஒரு போர்வையை நீவி நீவி மடித்தாள்.

"முதல் வேலையா சோதிச்சேன்னு யாருடா சொன்னா?"

"நீதான் தினமும் சோதிப்பியே."

"அன்னிக்கு இல்ல. கையெழுத்து, கையெழுத்துன்னு மண்டைக்குள்ள ஒரே ஓட்டம். சோதிக்காமலே எடுத்துட்டேன். பின்னாடி ரேக், முன்னாடி கைப்பிடி. பட்டன் வயித்துல அழுத்துது, வண்டி வந்துட்டே இருக்கு. பயத்துல கை இறுகிப்போச்சு. கைப்பிடியை எப்படித்தான் விட்டேனோ, விட்டதும்தான் நின்னுது. அதுக்கப்புறம்தான் இந்த வீரமெல்லாம்."

"அதைப் போட்டா நல்லா இருக்காதே சித்தி."

"போடாம விட்டா, படிக்கிறவ எவளாவது, சோதிக்க மறக்கிறவ தான் மட்டும்தான்னு நினைச்சு வாயைத் திறக்காம இருந்துடுவா." அடுத்த அறையில் சித்தப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. சித்தி குரலைத் தாழ்த்தினாள். "உங்க சித்தப்பாவுக்குத்தான் தெரியாது. அன்னிக்கு வயித்துல கன்னிப்போன இடத்துல ராத்திரி முழுக்க ஐஸ் வச்சது நீதானேடா? தெரியாத மாதிரி எழுதியிருக்கே!"