தொட்டியா, குழாயா?

என் தங்கையின் திருமணத்துக்கு இரண்டு நாள்களே இருந்தபோது, எங்கள் குளிப்பறையில் கணுக்கால் அளவுக்கு நீர் தேங்கி நின்றது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் மறுநாள் காலை பட்டர்வொர்த்திலிருந்து கடல் கடந்து வந்து, எங்கள் வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு.

எங்கள் ஊரான ஜார்ஜ் டவுனில் அந்நாளில் பெரும்பாலான வீடுகளில், ஆள் வந்து அள்ளிச் செல்லும் வாளிக் கழிப்பறைதான். எங்கள் வீட்டுக்காரரோ, பின்புறத்தில் புதிதாகக் கழிவுத்தொட்டி கட்டி, சங்கிலி இழுக்கும் கழிப்பறை வைத்திருந்தார். முன்பகுதியில் குடும்பத்தோடு வசித்த தமிழ் முஸ்லிம் வணிகர் அவர். குளிப்பறை நீரும் அதே தொட்டிக்குத்தான் போயிற்று. மண்ணுக்கடியில் கிடந்த அந்தத் தொட்டியைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். அச்சம் அதைவிட அதிகம்.

“போச்சுலா தம்பி! தொட்டி நெறஞ்சு போச்சு. இன்னும் பதினோரு பேரு வந்தா வீடே நாறிடும். வேற எடம் பாத்துக்க. கக்கூஸப் பூட்டப் போறேன்.”

“ஒரே நாள்ல எங்க பாய் எடம் பாக்குறது?” என்றாள் என் மனைவி. “சம்பந்திங்கள ரோட்டுலயா ஒக்கார வைக்கிறது?”

நான் பள்ளியில் அதிகம் பயின்றவன் அல்லன். ஆயினும், தொட்டி கட்டப்பட்டபோது அருகே நின்று கவனித்திருந்தேன். கழிப்பறைக் குழாயும் குளிப்பறைக் குழாயும் தனித்தனியே வந்து தொட்டியருகே ஒன்றாயின. குளிப்பறைத் தரையே தாழ்வானது. ஆகவே, தொட்டி நிறைந்திருந்தால் கழிப்பறையில் விடும் நீர் போக வழியின்றிக் குளிப்பறையில் மேலெழ வேண்டும். எழாவிட்டால், அடைப்பு குளிப்பறைக் குழாயில் மட்டுமே.

“பூட்டுறதுக்கு முன்னால சங்கிலிய இழுத்துப் பாக்கலாம் பாய்.”

“எல்லாம் மேல வந்துச்சுன்னா?”

“நானே அள்ளுறேன். எடமும் பாத்துக்கறேன்.”

தேங்கிய நீரின் மட்டத்தில், சுவரில் கரித்துண்டால் ஒரு கோடிட்டேன். பிறகு சங்கிலியை இழுத்தேன். மேலேயிருந்த நீர்ப்பெட்டி மறுபடி நிறையும்வரை காத்திருந்து, மேலும் இருமுறை இழுத்தேன். குளிப்பறையில் குனிந்து நின்ற என் மனைவி, “கோடு அப்படியேதாங்க இருக்கு!” என்று கூவினாள்.

பாய் நம்பவில்லை. இருவருமாகக் கடப்பாரையால் தொட்டி மூடியை நெம்பினோம். பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். நீர்மட்டம் உள்வரும் குழாய்க்குக் கீழேயே இருந்தது.

அதன்பின் ஒரு நீண்ட பிரம்பைக் குளிப்பறைத் துளையில் செலுத்தினேன். ஒரு முழத்தில் தடுத்தது. திருகி இழுத்தபோது தேங்காய் நாரும் புளிச்சக்கையும் சாம்பலும் கட்டியாக வெளிவந்தன. விருந்துக்காக இரவல் வாங்கிய பித்தளை அண்டாக்களை முந்தின நாள் அங்கேதான் துலக்கியிருந்தார்கள்.

“பாத்தியா தம்பி, எல்லாம் தங்கச்சி வேல!” என்று பாய் என் மனைவியைக் கைகாட்டினார்.

“நான் மட்டுமா தேச்சேன்? பெரிய அண்டாவத் தேச்சுக் குடுத்ததே உங்க வீட்டு அக்காதான்!” என்றாள் அவள்.

முன்பகுதியிலிருந்து பாயின் மனைவி உரக்கச் சிரித்தார். பாய் பிரம்பை என் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தைத் தாமே குத்தி எடுத்தார். நீர் சுழன்று இறங்கியது.

மறுநாள் பதினொருவரும் வரிசையாகக் குளித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, அடுத்தவர் வீட்டில் எவ்வளவு நீர் ஊற்றலாமோ என்று கேட்டுத் தயங்கினார். தொட்டியருகே நின்று நீர் இறங்கும் ஓசைக்குக் காதைக் கொடுத்திருந்த பாய் உரத்த குரலில் சொன்னார்:

“நல்லா ஊத்துங்கம்மா! அதெல்லாம் போவும்லா!”