ஒரு சாணுக்குக் கீழே இறங்காத பக்கெட்

"ஏங்க, டிராக்டர் பக்கெட் தானா இறங்குது."

"பழைய வண்டில்லா ஜெபா. சீல் தேஞ்சா ஆயில் உள்ளுக்குள்ள கசியும், பைய இறங்கும். பேயா வந்து இறக்குது?"

சிரித்தார். என் வீட்டுக்காரர் எஸ்றா, நான் எதற்குப் பயந்தாலும் சிரிப்பார்.

நீங்கள் நம்பாவிட்டால் போங்கள். போன பிசான நெல் அறுப்பில், சீவலப்பேரியில் எங்கள் களத்தில் என் கண்முன் நடந்தது இது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

திசையன்விளையில் பழசாக வாங்கிய டிராக்டர். முன்னால் மண்ணும் நெல்லும் அள்ளுகிற பெரிய இரும்பு பக்கெட். தூக்கியபடி எஞ்சினை அணைத்துவிட்டால் விடிவதற்குள் இறங்கிவிடும். ஆனால் தரையைத் தொடாது. ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும்.

மெக்கானிக் இசக்கிமுருகன் இரண்டு தடவை சீல் மாற்றிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"இறங்குனா தரை வரைக்கும்லா இறங்கணும் அக்கா? நடுவுல நின்னா கீழ என்னமும் இருக்கணுமே."

கீழே ஒன்றும் இல்லை. துடைப்பத்தை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தேன்.

எங்கள் களத்தில் மரம் கிடையாது. டிரெய்லரில்தான் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவோம். அன்று டிரெய்லரை இன்னொரு டிராக்டர் நெல்லோடு ஆலைக்கு இழுத்துப் போயிருந்தது. எஸ்றா, தூக்கியிருந்த பக்கெட்டில் என் சேலையைக் கட்டினார்.

"வேண்டாங்க."

"ராத்திரி பூராம் இறங்குறது, அரை மணியில இறங்கிருமாக்கும்?"

எட்டு மாதப் பிள்ளை எபனேசரைத் தொட்டிலில் போட்டுவிட்டு, மோட்டார் ரூமுக்குப் போனார். நான் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மணி ஆறே முக்கால். இருட்டத் தொடங்கியிருந்தது.

ஸ்ஸ்ஸ்...

திரும்பினேன். பக்கெட் இறங்கிக்கொண்டிருந்தது. பைய இல்லை... வேகமாக. தொட்டில் தரையில் படிந்துவிட்டது. அதன் மேல் இரும்பு...

ஓடினேன். நெல்லில் கால் வழுக்கியது. விழுந்தேன்.

சத்தம் நின்றது.

ஒரு சாண்.

பிள்ளை அழவில்லை. பக்கெட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தான். கை மூடியிருந்தது... ஒரு விரலைப் பிடித்திருக்கிற மாதிரி.

காலைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

"விடுங்க..."

யாரிடம் சொன்னேன்?

பிள்ளையின் கை விரிந்தது. என் மடிக்கு வந்துவிட்டான்.

மறுநாள் இசக்கிமுருகன் திசையன்விளைக்குப் போய் விசாரித்து வந்தான். அந்த டிராக்டரை முன்பு ஓட்டிய டிரைவர், வெயிலுக்கு பக்கெட்டின் நிழலில் படுத்துத் தூங்கியிருக்கிறார். பைய இறங்கியிருக்கிறது. அவர் நெஞ்சு தடுத்த உயரத்தில் நின்றிருக்கிறது. ஆள் அங்கேயே செத்துப்போயிருக்கிறார்.

எஸ்றாவிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தெரியும். வாங்கும்போதே சொன்னாங்க."

"தெரிஞ்சுமா பிள்ளையை அங்கன கட்டுனிய?"

"தெரிஞ்சதாலதான் ஜெபா. எத்தனை நாள் பாத்திருக்கேன்... ஒரு சாணுக்குக் கீழ அவன் விடமாட்டான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். வேலைக்காரன் ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல.

கல்யாணமான நாளிலிருந்து தொண்டைக்குள்ளேயே வைத்திருந்ததை அன்றுதான் வாய்விட்டுக் கேட்டேன்.

"என்னைப் பாளையங்கோட்டையில எங்க அப்பா வீட்டுல கொண்டு விட்டுருங்க."