சிஸ்டம் எடுக்காத மனிதர்கள்

எங்கள் தொழிலில் மனிதர்களை எண், எழுத்து, எழுத்துகளைக் கோத்த சரம் என்று மூன்று பெட்டிகளில் போட்டு மூடிவிடுவோம். மூடிக்கு வெளியே கையோ காலோ நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘எர்ரர்’.

ஏதாவது ஒரு கவுண்டரில் நின்று, ‘சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி சிஸ்டங்களை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. கொல்கத்தாவில் சால்ட் லேக் பக்கம் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நாங்கள்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். அதில் ‘நோயாளி’ என்று ஒரு கிளாஸ். அதாவது, வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த அச்சிலேயே ஒரு பிரதி வார்க்கப்படும். பெயர் ஒரு சரம், வயது ஓர் எண், இப்படி. அந்த அச்சைச் செய்தவள் நான்.

இனிஷியல்

சிஸ்டம் ஓட ஆரம்பித்த முதல் மாதமே அப்பா லேக் மார்க்கெட் கிளைக்கு சர்க்கரை பார்க்கப் போனார். மகள் எழுதிய சிஸ்டம் என்று கவுண்டரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாராம். அப்பா பெயர் வி. சேதுராமன். குடும்பப் பெயர் கட்டாயம், அதில் இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதியிருந்தேன். இந்த ஊரில் முகர்ஜி, சாட்டர்ஜி, தாஸ் என்று எல்லோருக்கும் ஒன்று இருக்கிறதே! நம் வீட்டில் இல்லை என்பது எழுதும்போது எனக்கு ஞாபகமே வரவில்லை. ‘வி’ என்று அடித்தால் சிவப்புக் கட்டம் வந்திருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் நாலைந்து தடவை முயன்றுவிட்டு, தனக்குத் தெரிந்த வழியில் முடித்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது ரிப்போர்ட் மேஜை மேல் இருந்தது. சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கப் போனவளின் கண்ணில் பெயர்தான் முதலில் பட்டது: சேதுராமன் சேதுராமன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தாத்தா வெங்கடராமனின் மிச்சமாக அவரிடம் இருந்தது அந்த ஒரு ‘வி’தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: “எங்கப்பா இருந்த இடத்துல நானே ஏறி உக்காந்திருக்கேன், பாரு.”

முதல் ஆறு எழுத்து

பேஹாலா கிளையில் ரத்தப் பரிசோதனையோடு ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் உண்டு. உள்ளே எந்த அறையில் யார் இருக்கிறார் என்று வெளியே ஒரு பலகையில் ஓடும். சின்னப் பலகை. பெங்காலியில் பெயரின் முதல் ஆறு எழுத்தை மட்டும் காட்டினால் போதும் என்று முடிவு செய்தேன். தெரிந்தவர் பெயர்களையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லாம் ஆறுக்குள் அடங்கின. ஆனால் நான் எண்ணியது கண்ணால். மெஷின் எண்ணுகிற விதம் வேறு. நம் ‘கை’யையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஓரெழுத்து. மெஷினுக்கு ‘க’ ஒன்று, அதோடு ஒட்டும் குறி இன்னொன்று, ஆக இரண்டு. பெங்காலியின் கூட்டெழுத்துகளில் இது இன்னும் மோசம்.

ஒருநாள் மிருத்யுஞ்ஜய் என்று ஒரு பெரியவர் எண்டோஸ்கோப்பிக்கு வந்தார். வெளியே அவர் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயர் பெங்காலியில் பார்வைக்கு நாலே எழுத்து. மெஷின் கணக்கில் பத்துக்கு மேல். என் கட்டளைப்படி மெஷின் ஆறாவதில் வெட்டியது. பலகையில் வந்தது, ‘மிருத்யு, அறை 3’. மரணம், அறை மூன்று. அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் சரிந்திருக்கிறார்.

பக்கத்து அறை டாக்டர் ஓடி வந்து அவரைப் பெஞ்சில் படுக்க வைத்துக்கொண்டிருக்கும்போது கணவர் உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியவர்தான் வாசல் வரை வந்து வழியனுப்பினார்: “ஜெயத்தை வெட்டிட்டு மரணத்தை மட்டும் வச்சுக்கிட்டீங்களே, மா!”

புள்ளிக்கு அப்புறம்

இரண்டு முழு எண்களை வகுத்தால் எங்கள் மொழி விடையையும் முழு எண்ணாகவே தரும். புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிப் போட்டுவிடும். ஒன்று புள்ளி ஒன்பதை இரண்டாக்காது, ஒன்றாக்கும். முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்டு பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அப்படியும் ரத்தம் உறையும் நேரத்தை இயல்பான நேரத்தால் வகுக்கும் இடத்தில் கோட்டை விட்டேன். அந்த விடையைப் பார்த்துத்தான் இதய நோயாளிக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் தீர்மானிப்பார். விடை குறைவாகத் தெரிந்தால் கூட்டுவார்.

நாலு நாள் அப்படியே ஓடியது. ஒருவருக்கு மாத்திரையைக் கூட்டியும் விட்டார்கள். அவருக்கு மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்து, திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி, நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். சந்தேகப்பட்டு வேறு இடத்தில் சோதித்துப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். போனில் என் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “ஏம்மா, என்கிட்ட வர்றவங்களுக்கு வியாதிகூட முழு எண்லதான் வருதா?”

வயது: பூஜ்யம்

கிடர்பூரிலிருந்து ஓர் அம்மாளை அவர் மகள் கூட்டி வந்தாள். பல வருஷம் துறைமுகப் பக்கம் சாக்கு தைத்தவர். வயது தெரியாது. எழுபதும் இருக்கலாம், எண்பதும் இருக்கலாம். கவுண்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். ஆனால் நான் வயதுக்கு எடுத்திருந்த எண் வகைக்குக் காலி என்று ஒரு நிலை கிடையாது. எதுவும் எழுதாவிட்டால் அது தானாகப் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் வயது என்றால் பிறந்த குழந்தை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கொஞ்சம் இருப்பது சகஜம் என்பதால் அதற்கு வைத்திருக்கும் வரம்பு அதிகம். அந்த வரம்புக்குள் அம்மாளின் காமாலை சௌகரியமாக அடங்கிவிட்டது. கெட்ட செய்திக்கு நாங்கள் போடும் நட்சத்திரக் குறி விழவில்லை.

நட்சத்திரம் இல்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கண்ணும் நகமும் மஞ்சளாகி, நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தார், ஆனால் பழையபடி நடமாடவில்லை. அந்த மகள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேபில் எங்களைப் பார்த்து ஹிந்தியில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: “வயசு தெரியாதுன்னுதான் சொன்னோம். பொறக்கலைன்னு சொல்லலையே.”

இரண்டு வட்டங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

லேபில் ரத்த தானம் செய்ய முன்வருகிறவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டால், ரத்தப் பிரிவை அடித்துத் தேடி, ஆட்களின் போன் எண்ணைக் கொடுப்பார்கள். அந்தத் தேடலை எழுதியதும் நான்தான். ஜுமா என்று ஒரு பெண்ணுக்குக் காலையில் பிரசவமாகி ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கிடைப்பது கஷ்டம். பதினோரு மணிக்கு அவள் அண்ணன் தேபாஷிஷ் லேபுக்கு ஓடி வந்திருக்கிறார். டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டூடியோவில் லைட் வேலை பார்ப்பவர். கவுண்டரில் தேடிப் பார்த்து, ‘யாரும் இல்லை’ என்று சொன்னார்கள். அவர் ஊரெல்லாம் அலைந்து எங்கிருந்தோ ரத்தம் கொண்டு வரும்போது மணி மூன்று. நாலு மணிக்கு ஜுமா போய்விட்டாள். குழந்தை இருக்கிறது.

மறுநாள் லேபிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். “போன துர்கா பூஜா சமயத்துல ஓ நெகட்டிவ் கொடுத்தவர் ஒருத்தர் எனக்கே தெரியும். அவர் எப்படி லிஸ்ட்டில் வரலை?” என்று கேட்டார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். இருந்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் ரத்தப் பிரிவில் ஓ என்ற எழுத்துக்குப் பதில் பூஜ்யம் அடித்திருந்தது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி வட்டம். இரண்டு சரங்களும் ஒன்றா என்று மெஷினைக் கேட்டேன். இல்லை என்றது. மறுபடி கேட்டேன். இல்லை. மூவரில் ஒருவர் வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து தேபாஷிஷ் எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். எங்கள் மேனேஜர் மித்ரா பாபு என்னைத் தனியே கூப்பிட்டு, “சிஸ்டம் சரியாத்தான் இருந்ததுன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் பேசாதே” என்றார். தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த மனிதர் மொட்டை போட்டிருந்தார். சட்டைப் பையில் ஒரு பால் புட்டியின் மூடி துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு மித்ரா பாபு சொன்னது வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாடியே ரத்தம் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை என்பதையும் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்குமா, எனக்கா என்று தெரியவில்லை. பிறகு ஒரு தாளை அச்செடுத்துக் காட்டினேன். இது எழுத்து, இது பூஜ்யம். அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, வெளிச்சத்தில் பிடித்தெல்லாம் பார்த்தார். பிறகு, படிப்புக் குறைவால் தனக்குத்தான் புரியவில்லை என்பது போல, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தீதி, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

மனிதத் தவறு

விசாரணை என்று ஒரு மீட்டிங் போட்டார்கள். பூஜ்யம் அடித்தது லேபின் பழைய ஊழியர் கோபால் பாபு என்று தெரிந்தது. ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு, இங்கே ‘டேட்டா என்ட்ரி தவறு, மனிதத் தவறு’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். “இருக்கிற ரத்தப் பிரிவே எட்டுதான். எட்டையும் பட்டியலாக் கொடுத்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கணும். எதை வேணா அடிக்கலாம்னு காலிக் கட்டம் வச்சது நான். தப்பு என்னுது” என்றேன். மித்ரா பாபு மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். லேபின் முதலாளி என்னை அனுதாபமாகப் பார்த்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். நான் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. கோபால் பாபுவை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலிக் கட்டத்தைப் பட்டியலாக மாற்ற எனக்கு ஆன நேரம் இருபது நிமிஷம்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்தேன். குடை, டிபன் டப்பா, ஒரு பழைய காலண்டர், இவ்வளவுதான் கையில். மீட்டிங்கில் நான் சொன்னதைச் சொல்லி அழ ஆரம்பித்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். இளவயதில் ஒரு சணல் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். பஸ் தூரத்தில் தெரிந்ததும் குடையை மடக்கிக்கொண்டு, குற்றம் சாட்டாத குரலில், தகவல் சொல்கிற மாதிரி சொன்னார்: “நான் பழகின மெஷின்ல பூஜ்யத்துக்குத் தனி கீயே கிடையாது, மா. ஓ-வைத்தான் ரெண்டுக்கும் அடிப்போம், ரெண்டும் ஒண்ணுன்னே கை பழகிடுச்சு. படிக்கிறவங்க புரிஞ்சுக்கிட்டாங்க.”

கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்று வெளியில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை என்பதுதான் எங்கள் தொழிலில் தாங்க முடியாத விஷயம்.