தோற்க மறுத்த சொர்ணம் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, மிருதங்கம் வாசிக்கும் மாரியப்பன் போனில் அழைத்தார். "யக்கா, சொர்ணம் அக்கா போயிருச்சுக்கா. திருநகர்ல மக வீட்டுல கெடத்தியிருக்காக." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கையில் அவர் வாசற்படி ஏறாதவர்களெல்லாம் இன்று பூமாலையோடு வருவார்கள்.

சொர்ணம் அக்கா திருவிழா நாடகங்களில் கதாநாயகி. நான் தோழி வேஷம். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. நாடகத்தில் நாயகனும் நாயகியும் தர்க்கம் செய்வார்கள். அதற்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. அந்த நேரத்தில் வாயில் பிறப்பதுதான். முடிவு மட்டும் மாறாது. நாயகி தோற்றுத் தலைகுனிந்து மாலையை ஏற்க வேண்டும். பெண்ணுக்கு மேடையில் கொடுத்த சுதந்திரம் அதுவரைதான்.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். ராஜா வேஷத்தில் இருந்த நடராஜன், "பெண் என்பவள் கொடி. கொம்பில்லாமல் கொடி ஏது?" என்றார்.

"தரையில படந்து பானை பானையாக் காய்க்கிற பூசணிக்கு எந்தக் கொம்பு ராஜா?"

கூட்டம் விசிலடித்தது. நடராஜன் ஒரு பாட்டை எடுத்துச் சமாளித்தார்.

"பாட்டு நல்லாயிருக்கு. பதில் எங்க?" என்றார் அக்கா.

ஊர்ப் பெரியவர் மேடைக்கே ஏறிவிட்டார். "ஏத்தா, விட்டுக்குடுத்துப் போத்தா. மாலை மாத்துனாத்தான் ஊருக்கு மழை."

"அவரு பதில் சொல்லட்டும்ணே. மறுநொடி தலையக் குடுக்குறேன்."

மாலை மாற்றாமலே திரை விழுந்தது.

எதற்கு இந்த வம்பு என்று பஸ்ஸில் கேட்டேன். "எனக்குத் தோக்கத் தெரியாமயாடி? தோத்துத் தோத்து வாய் புளிச்சுப்போச்சு" என்றார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பழி அக்காவின் மேல் விழுந்தது. ராசியில்லாதவள் என்றார்கள், பிறகு கேரக்டர் சரியில்லை என்றார்கள். அவருடைய குணத்தை எடைபோட்டவர்களில் பாதிப் பேர் நாங்கள் உடை மாற்றும் இடத்தில் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தவர்கள். நாடகத்துக்கு யாரும் அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாக நடராஜன் ஆள் அனுப்பினார். "மொதல்ல பதிலச் சொல்லி அனுப்பச் சொல்லு" என்று அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார் அக்கா. தல்லாகுளத்தில் ஓர் ஓட்டலில் மாவாட்டி மகளை ஆளாக்கினார். சில நாட்கள் அடுப்பு எரியவில்லை. அப்போதும் அவர் இறங்கிவரவில்லை.

திருநகர் வீட்டில் அதே நடராஜன் எழுந்து இரங்கல் சொன்னார். "அடக்கமான பெண்மணி. ஒருவரையும் எதிர்த்துப் பேசாத தாய்." எல்லாத் தலைகளும் ஆடின. நான் எழுந்தேன்.

"அண்ணே, எதுத்துப் பேசித்தான் அக்கா சோறு தின்னாக. எதுத்துப் பேசித்தான் பட்டினியும் கெடந்தாக."

"எழவு வீட்டுல எதுக்குத்தா பழசு? நல்லதாப் பேசு" என்றார் நடராஜன்.

"நல்லதத்தான்ணே பேசுறேன்."

யாரோ என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

அக்காவைப் பார்த்தேன். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்து, வெள்ளைத் துணியால் உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் செய்வதுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மூச்சு இருந்தவரை அந்தக் கட்டைப் போட அவர் ஒருவரையும் விட்டதில்லை.

போய் வாருங்கள், அக்கா.