காசு கொடுத்தவருக்குத்தான் பூட்டு

கம்ப்யூட்டர் கடைக்கு ரிப்பேருக்கு வருகிறவர் நூறு பேர் என்றால், காசு கொடுத்து விளையாட்டு வாங்க வருகிறவர் ஒருவர்; அந்த ஒருவரைத்தான் விளையாட்டுக் கம்பெனி பிடித்துப் படுத்தும். ஒரு தடவையாவது ஒரிஜினல் வாங்கி மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர்டு மாட்டினேன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. முன்பெல்லாம் நானும் திருட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தவன்தான், மறைப்பானேன். ஒரு நாள் நான் போட்ட காப்பியோடு போன வைரஸ், ஒருவருடைய மகள் கல்யாணப் போட்டோ முழுவதையும் தின்றுவிட்டது. அவர் திட்டவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அன்றோடு காப்பி போடுவதை விட்டேன்.

'இங்கே ஒரிஜினல் விளையாட்டு மட்டும்' என்று எழுதி மாட்டினேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் தணிகாசலம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர்டு சூப்பரா கீது. இனிமே உன் கடைக்கு யாரு வரப்போறாங்க?"

மடியில் ஒரு சி.பி.யு.

ஒருவர் வந்தார். கோமதி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நர்ஸ் வேலை. டியூட்டி முடிந்தால் கார் ரேஸ் விளையாடுவார், அதுவும் வெறித்தனமாக. என்னிடம் ஒரிஜினல் வாங்கிப் போனார். அந்த விளையாட்டு மாதம் ஒரு முறை இன்டர்நெட்டில் கம்பெனியிடம் போய் அனுமதி கேட்கும், கிடைக்காவிட்டால் திறக்காது. அவர் குவார்ட்டர்ஸில் போன் பேசவே சிக்னல் கிடையாது.

அதனால் மாதம் பிறந்தால் சி.பி.யு.வைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கி என் கடைக்கு வருவார். நான் நெட்டில் மாட்டிக் கொடுப்பேன். ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்: "கண்டக்டரு இன்னா ரிப்பேருன்னு கேட்டாருங்க. ரிப்பேர் இல்லீங்க, நான் திருடி இல்லன்னு மாசாமாசம் நிரூபிக்க எடுத்துக்கினு போறேன்னு சொன்னேன்."

நல்லது செய்யப் போய்

ஒரு தடவை மெஷின் முக்கிக்கொண்டு ஓடியது. சிஸ்டர் இவ்வளவு தூரம் வருகிறாரே என்று புது மதர்போர்டு போட்டேன். மெஷினை விளையாட்டு அடையாளம் காண்பதே அதை வைத்துத்தான்; மாற்றுவதற்கு முன்னால் விளையாட்டிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும், மறந்துவிட்டேன். அது வேறு யாரோ வீட்டு மெஷின் என்று முடிவு கட்டி மூடிக்கொண்டது. கம்பெனிக்கு நான்கு முறை எழுதினேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று நான்கு முறையும் ஒரே பதில்.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். திருட்டுக் காப்பி போட்டுத் தருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். போர்டை நம்பி வந்தவர் இவர் ஒருவர். இவரும் போய்விட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். கோமதி சி.பி.யு.வைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஷேர் ஆட்டோ ஓட்டுற என் தம்பி திருட்டுக் காப்பி வச்சிக்கினு ஜாலியா ஆடறான். நான் காசு குடுத்துட்டு, எவன் உத்தரவு குடுப்பான்னு குந்திக்கினு கீறேன். இனிமே இந்த ஒரிஜினலே வேணாங்கண்ணா."

பூட்டில்லாத சரக்கு

விட மனசில்லை. தேடியதில், நாலைந்து பேர் சேர்ந்து செய்த ஒரு ரேஸ் விளையாட்டு கிடைத்தது. வாங்கினால் வாங்கியதுதான், நெட் வேண்டாம், அனுமதி வேண்டாம், எந்த மெஷினிலும் ஓடும். கோமதியைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். வந்தவர் என்னை நம்பாமல், நெட் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஓடியது. காசு கொடுத்து, பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. பூட்டில்லாத சரக்கு, ஊருக்கே காப்பி போட்டுக் கொடுக்கலாம். அடுத்த மாதம் கடை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. கோமதியின் தம்பி. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அக்காகிட்ட காப்பி கேட்டேன், தர மாட்டேன்னுட்டாங்க. நம்மள நம்பி பூட்டு போடாம குடுத்தவன்கிட்டயே திருடுவியான்னு கேக்குறாங்க. காசு வாங்கிக்கினு எனக்கும் ஒரு ஒரிஜினல் குடுங்க."

ஆக, இத்தனை வருஷத்தில் நான் கற்றது இதுதான்: திருட்டைத் தடுக்க எத்தனை பூட்டு போட்டாலும், ஒரு அக்கா அளவுக்கு அவை வேலை செய்வதில்லை.