நெறி கட்டிய நாய்

எங்கள் கால்நடை மருந்தகத்து மைக்ராஸ்கோப் பெரும்பாலும் சாணியைத்தான் பார்க்கும், குடற்புழு முட்டை தேட. திருவரங்குளம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா தன் செவலை நாயை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக் கொண்டுவந்த அன்றுதான் அதற்கு வேறு வேலை வந்தது.

"நெறி கட்டியிருக்கு டாக்டரம்மா. பூச்சி கீச்சி கடிச்சிருக்கும்."

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவு வீக்கம். அதன்மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பியதில் தோல் வெந்து கிடந்தது.

"ஏன்க்கா, இங்க வாரதுக்குள்ள இந்த வைத்தியத்தை யாரு கேட்டா?" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. கணவர் குவைத்தில், வீட்டில் பேச்சுத்துணைக்கு இந்த நாய்தான்.

முழங்காலுக்குப் பின்னால் தடவினேன். அங்கேயும் நெறி. வேகாத தோல் என்பதால் அங்கேயே ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் நெறியின் செல்கள் உடைந்துவிடும். என் ஆயுசில் எனக்குப் பொறுமை இருப்பது அந்த ஒரு தேய்ப்பில் மட்டும்தான்.

சாயம் ஏற்றிப் பார்த்தேன். புண், காய்ச்சலால் வந்த நெறி என்றால் செல்கள் சின்னதும் பெரியதுமாய்ச் சந்தைக் கூட்டம் மாதிரி கலந்து தெரியும். இங்கே எல்லாம் ஒரே மாதிரி, பெரிசு பெரிசாய். புற்றுநோய். பாழாய்ப்போன கண், இன்னொரு தரம் பார்த்தாலும் அதையேதான் காட்டியது.

"மாத்திரை தாரேன்க்கா. வீக்கம் வடியும். ஆனா திரும்ப வரும். அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

தலையாட்டிவிட்டுப் போனார்.

வீக்கம் வடிந்தது. நாயோடு மறுபடி வந்தவர் கையில் ஒரு மண் நாய். குயவரிடம் சொல்லிச் செய்தாராம், அய்யனார் கோயிலில் வைக்க.

"அக்கா, கொணமானப்புறம்தானே நேத்திக்கடன் செலுத்துவாங்க? நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு டாக்டரம்மா. அதான் முந்திக்கிட்டேன். வாங்கி வச்சுக்கிட்டா சாமி கைய விரிக்க முடியாதுல்ல?"

மழைக்காலம் முடிவதற்குள் நெறி மறுபடி கட்டி, நாய் போய்விட்டது. போனில் சொன்னவர், "நீங்க கோவக்காரவுக, சாமியத் திட்டிறாதீங்க" என்றார்.

திட்டத்தான் கோயிலுக்குப் போனேன். மண் குதிரைகளுக்கு நடுவே அந்த நாய் நின்றது. என் விரல்கள் பாட்டுக்கு அதன் தாடையைத் தடவின. பிறகு முழங்காலுக்குப் பின்னால். எங்கேயும் ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.