நாலாயிரம் லைக் வாங்கிய தப்பு

என் தம்பிக்கு அறுபத்தொரு வயது. பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவில் ஒரு கதவு. கதவைச் சாத்தினால் ஆசிட் வாடை கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. என் வீட்டுக்காரர் செத்த வருஷம் இங்கே வந்தேன், பதினாறு வருஷம் ஆகிறது. அவருக்காக அழுததைவிட ஆசிட் பட்டு ஓட்டையான என் துணிகளுக்காக அதிகம் அழுதிருக்கிறேன். பழைய பேட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவுவது என் வேலை. கழுவிய கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதை முதல் வாரமே கற்றுக்கொண்டேன்.

அவனைப் பற்றிய நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். தொழிலில் பொய் கிடையாது. எட்டாவதோடு படிப்பை விட்டவன், நாற்பத்தைந்து வருஷமாகப் பேட்டரிதான். மற்ற கடைகள் செத்துப்போச்சு என்று திருப்பி அனுப்பியதை இவன் எழுப்புவான். ரொம்ப நாள் சும்மா கிடந்து வற்றிப்போன பேட்டரியை சார்ஜரில் மாட்டினால், சார்ஜர் அதை அடையாளமே கண்டுகொள்ளாது. இவன் பக்கத்தில் நல்ல பேட்டரி ஒன்றை வைத்து இரண்டுக்கும் ஒயர் கொடுத்துக் கால் மணி நேரம் விடுவான். செத்தது கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு கண் திறக்கும், அப்புறம் சார்ஜர் ஏற்றுக்கொள்ளும். இதற்கு அவன் வைத்த பேர் கைகொடுக்கிறது.

கெட்டது, வாய். சிறு வயதில் கல்யாணம் பேசப் போன வீட்டில், பெண்ணின் அப்பா சுவர்க் கடிகாரத்தைக் காட்டி அது சாவி கொடுத்து ஓடுகிறது என்று சொல்லித் தொலைத்துவிட்டார். இவன் ஸ்டூல் போட்டு ஏறி, அதைக் கழற்றி, பின்னால் இருந்த பேட்டரியை எடுத்து அவர் கையில் கொடுத்தான். பெண் கிடைக்கவில்லை. “ஆனா நான் சொன்னதுதான் சரி” என்று இன்றைக்கும் சொல்வான்.

இப்படிப்பட்டவன் கையில் போன் வந்தால் என்ன ஆகும்? ஏதோ ஒரு செய்தித் தளம். அறிவியல், தொழில்நுட்பம், வியாபாரம் என்று பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அடியில் ஊர்பட்ட பேர் கருத்து எழுதுவார்கள். அங்கே என் தம்பியின் பேர் உண்மைவிளம்பி. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிக்குக் கடை திறக்கும்வரை எழுந்திருக்க மாட்டான். நிலாவில் தண்ணீர் இருக்கிறதா, அந்த முதலாளி ஏன் ஆயிரம் பேரை வேலையைவிட்டு அனுப்பினான், கம்ப்யூட்டரே காரை ஓட்டினால் இடிபட்டவன் யாரைத் திட்டுவது, எல்லாவற்றுக்கும் இவனிடம் தீர்ப்பு உண்டு. ஆசிட் பட்டுப் பட்டு விரல் ரேகை தேய்ந்துவிட்டது, போனுக்கு இவன் விரலை அடையாளம் தெரியாது. அந்த ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுவான்.

எனக்கு எழுத்து வராது. அதனால் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டுவான். தான் எழுதியதைத் தன் குரலிலும் மற்றவன் எழுதியதை மூக்கால் பேசியும் படிப்பான். சும்மா ஒருத்தன் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு ஆள் அங்கே இருந்தான். அவனுக்கு மட்டும் தனியாக ஒரு குரல், தொண்டையில் முள் மாட்டிய ஆடு மாதிரி. உண்மைவிளம்பி எதை எழுதினாலும் கீழே வந்து, “ஆதாரம் உண்டா ஐயா?” என்று கேட்பான். மூன்று வருஷமாக இதே கேள்வி.

“ஆதாரம் கேக்குறான் பாருக்கா! நாப்பத்தஞ்சு வருஷம் ஆசிட்ல வெந்த கை இது, இதவிட என்ன ஆதாரம் வேணும்?”

“கைய அங்க நீட்டிக் காட்ட முடியாதே, அதான் கேக்குறான்” என்றேன்.

“நீ யாரு பக்கம்?”

“நான் டீ ஆறுற பக்கம். குடி முதல்ல.”

போன மாதம் ஒரு செய்தி வந்தது. மின்சார பைக் செய்யும் ஒரு கம்பெனி, மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைத்து முழுக்க வற்றிப்போன பேட்டரிகளைத் திரும்ப எழுப்ப முயல வேண்டாம், புதிது மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. ஜனங்களுக்கு எரிச்சல். பகல் கொள்ளை என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். என் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தொழில் ஆயிற்றே. கைகொடுக்கிற முறையை ஒன்று விடாமல் எழுதினான். எந்த ஒயர், எவ்வளவு நேரம், எந்த முனைக்கு எந்த முனை என்று எல்லாம்.

மறுநாள் காலை அதற்கு எண்ணூறு லைக். அந்த வாரமே நாலாயிரத்தைத் தாண்டியது. நிறைய லைக் வாங்கியதை அங்கே எல்லாருக்கும் மேலே தூக்கி வைப்பார்களாம். செய்தியைத் திறந்தாலே முதலில் இவன்தான். வாடிக்கையாளர்களிடமெல்லாம் போனைக் காட்டினான். ஒரு லாரி டிரைவர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்து அரை மணி நேரம் மாட்டிக்கொண்டார்.

சும்மா ஒருத்தன் விடவில்லை. “இது ஈய பேட்டரிக்குச் சரி. இந்த பைக்கில் இருப்பது லித்தியம், அதற்கு ஆபத்து” என்று என்னவோ நீளமாக எழுதினான். என் தம்பி அதை ஆட்டுக் குரலில் பாதி படித்துவிட்டு, “புத்தகத்தில் பேட்டரி பார்த்தவர் பாடம் நடத்துகிறார்” என்று பதில் போட்டான். அதற்கும் முந்நூறு லைக்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. ஆறரை மணி இருக்கும். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். அவன் குஷியாகப் படித்தான்.

“தையல்காரின்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கு, கேளு. ‘அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்தேன். செத்துக் கிடந்த பேட்டரி எழுந்துவிட்டது. நன்றி அண்ணா. ஒரு சந்தேகம்.’ பாத்தியா, மரியாதையா கேக்குது. ‘இரண்டு நாளாக சார்ஜ் போட்டால் சூடாகிறது. மூடி கொஞ்சம் உப்பின மாதிரி…’”

குரல் இறங்கியது.

“முழுசா படிடா.”

“‘பிள்ளைகள் இரண்டும் தூங்கும் அறையில்தான் சார்ஜ் போடுகிறேன். இப்போதும் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?’”

“எப்ப எழுதினது?”

“இருபது நிமிஷம் முன்னாடி.”

“பரவாயில்லையா?”

“உப்பக் கூடாதே” என்று தனக்குத்தானே சொன்னான்.

“நீ இந்த லித்தியத்த எப்பவாவது கழட்டிப் பாத்திருக்கியா?”

“பேட்டரின்னா பேட்டரிதானேக்கா…”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“இல்ல.”

“தொட்டாவது?”

“நம்ம கடைக்கு வர்றதில்லையே அது.”

சும்மா ஒருத்தன் முன்னே எழுதியதைத் தேடிப் பிடித்து மறுபடி படித்தான். அதுவரை பதில் கொடுப்பதற்காகத்தான் படித்திருக்கிறான். இப்போது தெரிந்துகொள்வதற்காகப் படித்தான், சாதாரணக் குரலில். லித்தியம் முழுக்க வற்றினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்துவிடும். திரும்ப சார்ஜ் ஏற்றினால் அந்தச் செம்பு முள் முள்ளாக வளர்ந்து உள்ளேயே ஒன்றோடொன்று முட்டும். நன்றாக ஓடுவது மாதிரியே இருக்கும். என்றைக்கோ ஒருநாள் பற்றிக்கொள்ளும். எனக்கே புரிந்தது.

அவன் கீழே எழுதினான்: “இது உண்மைதானா? தையல்காரி கேட்டிருப்பதைப் பாருங்கள்.” அந்த ஆளும் காலையில் இதே பிழைப்பாக இருப்பான் போல, உடனே பதில் வந்தது. “உண்மை. அவங்களை முதலில் சார்ஜை நிறுத்தச் சொல்லுங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.”

என் தம்பி அந்தப் பெண்ணுக்கு ஒன்று எழுதினான். பதில் இல்லை. இன்னொன்று எழுதினான். இல்லை. அவசரத்தில் மூன்றாவதில் எழுத்தெல்லாம் தப்பாக விழுந்தது. அவள் பெயரின் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தைத் தொட்டான், பெரிதாயிற்று. ஒரு தையல் கடைப் பலகைக்கு முன்னால் ஒரு பெண், கழுத்தில் அளவு நாடா. எனக்கு எழுத்து வராதே தவிர எண் வரும்.

“பலகையில கடைசியா இருக்குறது போன் நம்பர்தானே?”

அவன் என்னைப் பார்த்தான். உடனே போட்டான், ஸ்பீக்கரில். ஆறேழு முறை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

“யாருங்க?”

“அம்மா, நான் உண்மைவிளம்பி பேசுறேன்.”

அந்தப் பேரை அவன் வாயால் இன்னொருத்தரிடம் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சிரிக்கிற நேரமா அது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“யாரு?”

“பேட்டரி பத்தி எழுதினேனே, அந்த ஆள். நான் சொன்னது தப்பும்மா. உடனே சார்ஜ நிறுத்து. பேட்டரிய வீட்டுக்குள்ள வைக்காத, தீப்பிடிக்கும்.”

அவள் நிதானமாகப் பேசினாள். “கம்பெனியில இருந்து பேசுறீங்களா?”

“இல்லம்மா, நான்தான்…”

“அந்த அண்ணன் கடைசி வரியில எழுதியிருக்காரு. கம்பெனிக்காரன் வெடிக்கும் எரியும்னு பயமுறுத்தி உங்க தலையில புதுசக் கட்டப் பாப்பான், ஏமாறாதீங்கன்னு. சொன்ன மாதிரியே காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்க.”

நான் போனைப் பிடுங்கினேன்.

“இந்தா பாரும்மா, நான் அவன் அக்கா. அவன் ஒரு மடையன். சொல்றதக் கேளு.”

“அக்கா வேறயா? ஆம்பளைக் குரல் ஒண்ணு, பொம்பளைக் குரல் ஒண்ணு. கம்பெனி நல்லாத்தான் செலவு பண்ணுது.”

“உன் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன்.”

“என் பிள்ளைங்க மேல நீங்க எதுக்குச் சத்தியம் பண்றீங்க? நாலாயிரம் பேரு சரின்னு சொன்னத நீங்க ரெண்டு பேரு தப்புன்னா நான் யார நம்ப?”

நியாயமான கேள்வி. வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். என் தம்பி போனை வாங்கி, “எப்படிச் சொன்னா நம்புவம்மா?” என்றான். இவ்வளவு தணிந்த குரல் இவனிடம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அவள் யோசித்தாள். “அவருதான்னா அங்க எழுதுங்க. கீழ வேணாம், கீழ அதே பேர வச்சுக்கிட்டு யாரு வேணா எழுதலாம். மேல, அந்த நாலாயிரம் இருக்குதுல்ல, அதுலயே எழுதுங்க. பாத்துட்டு நம்புறேன்.”

அங்கே தான் எழுதியதைத் தானே திருத்தலாமாம். அவன் அதைத் திறந்தான். விரல் மேலே நின்றது, இறங்கவில்லை.

“என்னடா?”

“இதுல கை வச்சா…”

“வச்சா?”

“நாலாயிரம் பேரு, அக்கா.”

“அங்க ரெண்டு பிள்ளைங்கடா.”

முழுவதையும் அழித்தான். எழுத எழுத எனக்குச் சொல்லிக்கொண்டே எழுதினான். “இங்கே நான் எழுதியிருந்தது தப்பு. லித்தியம் பேட்டரியை நான் தொட்டதே இல்லை. இதன்படி செய்தவர்கள் உடனே சார்ஜை நிறுத்துங்கள், வீட்டுக்கு வெளியே வையுங்கள். சும்மா ஒருத்தன் சொன்னதுதான் சரி.” அந்தக் கடைசி வரிக்கு மட்டும் முன்னால் எழுதிய மூன்றுக்கும் சேர்த்து ஆன நேரம் ஆனது. அனுப்பினான்.

“பாரும்மா இப்ப.”

போனில் அவள் அதை வாய்விட்டுப் படிப்பது கேட்டது. அப்புறம், “ஐயோ, அண்ணா” என்றாள்.

“பதறாத. பிள்ளைங்கள முதல்ல எழுப்பி வெளிய விடு. அப்புறம் சுவத்து சுவிட்ச அணை. பேட்டரிய நேரா கையால தூக்காத.”

ஒரு பிள்ளை சிணுங்கியது, கதவு திறந்தது. சுவிட்ச் அணைகிற சத்தம் எனக்கே கேட்டது. தரையில் எதையோ இழுத்தாள். மிதியடியில் வைத்து இழுத்ததாகப் பிறகு சொன்னாள். திரும்ப வந்து போனை எடுத்தாள். “முற்றத்துல வச்சுட்டேன். கிட்டப் போனாலே சுடுதுண்ணா.”

“பக்கத்துல யாரும் போக வேணாம். ஆறட்டும்.”

“உங்கள நம்பித்தான் செஞ்சேன்.”

“தெரியும்மா.”

வைத்துவிட்டாள். டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தான்.

அந்தப் பேட்டரி வெடிக்கவில்லை. வெடித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சும்மா ஒருத்தனுக்கும் தெரியாதாம், கேட்கச் சொன்னேன். அதை எங்கே கொண்டுபோய்ப் பாதுகாப்பாகக் கொடுப்பது என்று அவன்தான் தையல்காரிக்கு விலாவாரியாக எழுதினான். அவள் இப்போது தைத்த துணிகளை நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். என் தம்பியால் அவளுக்கு விளைந்த நன்மை அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் மூவாயிரத்து நூறாகிவிட்டது. லைக் போட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தப்பு சொன்னபோது கொடுத்தவர்கள், சரி சொன்னதும் பிடுங்கிக்கொண்டார்கள். இவன் மூன்று வருஷமாகக் கட்டி வைத்த சபை இதுதான். கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருத்தன் கேட்டான். கிழட்டு முட்டாள் என்று இன்னொருத்தன். அது நான் சொல்ல வேண்டியது, அவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

மூன்றாம் நாள் காலை என் தம்பி கேட்டான். “அக்கா, அத மொத்தமா எடுத்துடவா? கண்ணு கொண்டு பாக்க முடியல.”

“எடுத்தா என்ன ஆகும்?”

“எல்லாம் போயிரும். திட்டுறதும் போயிரும்.”

“உன்ன நம்பி அந்தப் பொண்ணு ஒருத்திதான் செஞ்சுச்சா?”

அவன் எடுக்கவில்லை. இப்போதும் ஆறு மணிக்கு உட்காருகிறான். நிலாவைப் பற்றியும் முதலாளிகளைப் பற்றியும் ஒரு வரி எழுதுவதில்லை. வசவுகளை வாய்க்குள் படித்துக்கொண்டே கீழே கீழே இறங்கிப் போகிறான். “நானும் செய்திருந்தேன், வெளியே வைத்துவிட்டேன்” என்று யாராவது எழுதியிருந்தால் மட்டும் சத்தமாகப் படிக்கிறான். முதல் வாரத்தில் நாலு பேர். அதில் ஒருத்தர் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தாராம். நேற்று ஒருத்தர், இன்று காலை ஒருத்தர். இதுவரை பதினோரு பேர்.